கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிறக்கிற பெரிய நட்சத்திரங்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

முட்டம் கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பால்வீதியின் உட்பகுதியில் பெரிய நட்சத்திரங்கள் எங்கே பிறக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன என்பதை எந்தத் தடயங்களை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறேன். தலைப்பு நானே கேட்டு வாங்கியது, அதற்கு ஒரு காரணம் உண்டு.

போன வாரம் விடியற்காலை நாலு மணி இருக்கும், அப்பா வள்ளத்தை இறக்குவதற்கு முன் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். தென்கிழக்கே தேள் கொடுக்கு நன்றாக மேலே வந்திருந்தது. அப்பாவுக்கு மூலம், பூராடம் எல்லாம் தெரியும், சின்ன வயதில் தாத்தா காட்டிக்கொடுத்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில வெள்ளையா பரந்து கிடக்குல்லா, அதுக்குள்ள ஒரு கறுப்பு இருக்கு பாரு, அங்க ஒண்ணும் இல்லியா மக்ளே?" என்று கேட்டார். பால்வீதியின் மையமே அந்தத் திசையில்தான் அப்பா, நடுவில் தூசி மறைக்கிறது என்று சொன்னேன். "மறைக்குதுன்னா உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்" என்றார். அதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

பாடப்புத்தகத்தில் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியை வைத்து அளக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளி தூசியைத் தாண்டி வருமா? வராது என்றால் வேறு எதை வைத்து அளக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நான் பொறுமையாகப் படிப்பேன்.

தக்கலை வாத்தியார்

மக்ளே, உன் அப்பா கேட்டது நல்ல கேள்வி. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவன் என்ற முறையில் அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை இங்கே இருக்கிற இளசுகள் சொல்லட்டும்.

முதலில், ஏன் பெரிய நட்சத்திரங்களை மட்டும் தேடுகிறோம் என்பதை ப்ராஜெக்டில் முதல் பக்கத்திலேயே எழுது. சூரியனைப் போல 8 மடங்குக்கு மேல் நிறை உள்ளவற்றைத்தான் பெரிய நட்சத்திரம் என்கிறோம். சூரியன் சுமார் 1000 கோடி வருஷம் வாழும். 20 மடங்கு நிறை உள்ள ஒன்று ஒரு கோடி வருஷத்துக்குள் எரிந்து தீர்ந்து வெடித்துவிடும். அந்த ஒரு கோடி வருஷத்தில் அது நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அலைந்தாலும் 300 ஒளியாண்டு சொச்சம்தான் நகர்ந்திருக்கும். பால்வீதியின் அகலம் ஒரு லட்சம் ஒளியாண்டு. அதாவது ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் அதன் தொட்டிலும் பக்கத்திலேயே இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். சூரியனைப் போன்ற கிழங்களை வைத்து இதைச் சொல்ல முடியாது, அவை பிறந்த ஊரைவிட்டு எப்போதோ கிளம்பிப் போய்விட்டன.

இப்போது தூசி. நமக்கும் மையத்துக்கும் இடையே சுமார் 26,000 ஒளியாண்டு. அந்த வழியில் இருக்கிற தூசி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சுமார் 30 மேக்னிட்யூட் (மங்கலை அளக்கிற அலகு) மங்க வைக்கிறது. 5 மேக்னிட்யூடுக்கு 100 மடங்கு என்ற கணக்கைப் போட்டுப் பார்: 30-க்கு ஒரு லட்சம் கோடி மடங்கு. அங்கிருந்து லட்சம் கோடி ஒளித்துகள் புறப்பட்டால் உன் அப்பா கண்ணுக்கு ஒன்று வந்து சேரும். ஹைட்ரஜன் ஆல்ஃபா சிவப்பு என்பதால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் உபயோகமில்லை. பால்வீதியின் பக்கத்துச் சுழல் கைகளுக்கும் வெளிவட்டாரத்துக்கும் அது சரி, மையத்துக்குச் சரிப்படாது.

ரப்பர் ஷீட் உணக்குகிற புகை அறைக்குள் நீ போயிருக்கிறாயா? வாசலில் நின்று பார்த்தால் உள்ளே எரிகிற விறகு தெரியாது, புகைதான் தெரியும். ஆனால் கதவுக்கு முன்னால் கையை நீட்டினால் சூடு வந்து மோதும். அகச்சிவப்பு அப்படித்தான். 2.2 மைக்ரான் அலைநீளத்தில் பார்த்தால் தூசியின் மறைப்பு இரண்டரை மேக்னிட்யூட் அளவுக்கு இறங்கிவிடும், அதாவது பத்தில் ஒரு பங்கு ஒளி வந்துவிடும். லட்சம் கோடியில் ஒன்று எங்கே, பத்தில் ஒன்று எங்கே! மையத்தில் இருந்து நூறு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற ஆர்ச்சஸ் என்ற நட்சத்திரக் கொத்தை இந்த வழியில்தான் கண்டுபிடித்தார்கள். வயது வெறும் 25 லட்சம் வருஷம் அளவில்தான், அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பக்கத்திலேயே க்வின்டப்லெட் என்று இன்னொன்று, அது இதைவிடக் கொஞ்சம் மூத்தது.

பூனாவில் மார்த்தாண்டம்காரன்

சார் சொன்னது சரி, ஆனால் அகச்சிவப்பை மட்டும் நம்பி ப்ராஜெக்ட் எழுதிவிடாதே தங்கச்சி. தூசி சூடாக ஒளிர்கிறது என்றால் பக்கத்தில் இளம் நட்சத்திரம் இருக்கிறது என்று வெளிவட்டாரத்தில் சொல்லலாம். உட்பகுதியில் கோடிக்கணக்கான வயசான நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கின்றன, அவையும் சேர்ந்து தூசியைச் சூடாக்கும். அந்தச் சூட்டையும் பிறப்புக் கணக்கில் சேர்த்தால் விடை அதிகமாக வரும். வேறு விண்மீன் மண்டலங்களின் மையங்களை அளக்கிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு.

நான் ரேடியோ வானியல் படித்தவன், அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன். பெரிய நட்சத்திரத்தின் மேற்பரப்பு 30,000 டிகிரிக்கும் மேல் கொதிக்கும், அதன் புற ஊதாக் கதிர் சுற்றியிருக்கிற ஹைட்ரஜனை உடைத்து அயனியாக்கும். அந்த அயனி வாயு ரேடியோ அலையையும் வெளியிடும். ரேடியோவுக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை, குறுக்கே எதுவும் இல்லாதது போல வந்து சேரும். ஆனால் மையத்தில் வேறொரு சிக்கல்: காந்தப்புலத்தில் சுழல்கிற எலக்ட்ரான்களும் ரேடியோவில் பிரகாசமாக ஒளிரும். தென்னாப்பிரிக்காவில் 64 தட்டுகள் கொண்ட மீர்காட் தொலைநோக்கி எடுத்து 2022-ல் வெளியான மையத்தின் படத்தைப் பார்த்திருப்பாய், நூல் நூலாக நீண்டு கிடக்குமே, அவை எல்லாம் அந்த எலக்ட்ரான்களின் வேலை. அழகைப் பார்த்து அதைப் பிறப்பிடம் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டையும் பிரிக்க ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் அளக்க வேண்டும், அல்லது அயனியான ஹைட்ரஜன் மறுபடி எலக்ட்ரானைப் பிடிக்கும்போது ரேடியோவில் வருகிற கோடுகளைத் தேட வேண்டும். அந்தக் கோடு காந்தப்புல எலக்ட்ரான்களில் இருந்து வராது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் மேசர். லேசருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள், மைக்ரோ அலையில் அதே வேலையைச் செய்யும். மெத்தனால், அதே விஷச் சாராய மெத்தனால்தான், விண்வெளியில் குளிர்ந்த தூசித்துகள் மேல் பனியாகப் படிந்திருக்கும். உள்ளே பெரிய நட்சத்திரக் குழந்தை ஒன்று திரண்டு சூடேற ஆரம்பித்ததும் அந்தப் பனி ஆவியாகும், சூடான தூசியின் அகச்சிவப்பு அந்த மூலக்கூறுகளைத் தூண்டிவிடும், அவை 6.7 கிகாஹெர்ட்ஸில் ஒரே குரலில் பாட ஆரம்பிக்கும். 1991-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இதில் என்ன விசேஷம் என்றால், இந்தக் குறிப்பிட்ட மேசர் பெரிய நட்சத்திரம் பிறக்கிற இடத்தில் மட்டுமே கேட்கும், சின்ன நட்சத்திரம் பிறக்கிற இடத்தில் கேட்காது. அதுவும் நட்சத்திரம் தூசிக் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கு முன்பே. பிரசவ அறைக்கு வெளியே நின்று குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்பது போல.

முட்டம் கரை

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. புகை அறை உதாரணத்தை அப்பாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

ஒரு சந்தேகம். மேசர் இப்போது பிறக்கிறவற்றைக் காட்டுகிறது, ஆர்ச்சஸ் போன்ற கொத்துகள் இருபது முப்பது லட்சம் வருஷத்துக்கு முன் பிறந்தவற்றைக் காட்டுகின்றன. மொத்தமாக, நூறு வருஷத்துக்கு எத்தனை என்று சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா? ஒவ்வொன்றாக எண்ணுவது என்றால் மையத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவை விட்டுப்போகுமே.

மணவாளக்குறிச்சி மணல்

இதற்காகவே லாகின் செய்தேன் தங்கச்சி. உன் ப்ராஜெக்டின் நடு அத்தியாயம் அலுமினியம்-26 ஆக இருக்க வேண்டும்.

நான் கதிரியக்கம் அளக்கிற வேலையில் இருக்கிறேன், ஊர் மணவாளக்குறிச்சி, அதனால் இந்த விஷயம் எனக்குச் சொந்த விஷயம் மாதிரி. நம் கடற்கரைக் கருமணலில் மோனசைட் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதில் தோரியம். ஒரு சிட்டிகை மணலைச் சின்ன டப்பாவில் போட்டு காமா கதிரை அளக்கிற ஜெர்மானியம் டிடெக்டருக்கு முன் வைத்தால் திரையில் கதிரின் ஆற்றல் வரிசைப்படி புல் முளைப்பது போல ஒவ்வொரு கோடாக எழும். 238-ல் ஒன்று, 583-ல் ஒன்று, 911-ல் ஒன்று, கடைசியில் வலது கோடியில் 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒன்று தனியாக நிமிர்ந்து நிற்கும், அது தாலியம்-208. அந்தக் கடைசிக் கோட்டைப் பார்த்த உடனே டப்பாவைத் திறக்காமலே உள்ளே தோரியம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முதல் தடவை பார்த்த அன்றைக்கு, சின்ன வயதில் வீடு கட்டி விளையாடிய மணல் இப்படிக் கையெழுத்துப் போடுகிறதே என்று வெகுநேரம் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

வானத்திலும் இப்படி ஒரு கையெழுத்து உண்டு. 1809 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பெரிய நட்சத்திரங்களின் வயிற்றில் மக்னீசியம்-25 ஒரு புரோட்டானை விழுங்கி அலுமினியம்-26 ஆகிறது. நட்சத்திரத்தின் பலமான காற்றிலும், கடைசியில் வெடிக்கும்போதும் அது வெளியே கொட்டும். பிறகு சிதைந்து மக்னீசியம்-26 ஆகும்போது இந்தக் காமா கதிர் வரும். அரை ஆயுள் சுமார் 7,17,000 வருஷம். நம் தோரியத்துக்கு அரை ஆயுள் 1400 கோடி வருஷம், பால்வீதியின் வயதை ஒத்தது, அதனால் தோரியத்தைப் பார்த்து எப்போது செய்தது என்று கேட்க முடியாது. அலுமினியம்-26 இன்றைக்கு அங்கே இருக்கிறது என்றால், போன சில பத்து லட்சம் வருஷத்துக்குள் யாரோ செய்து போட்டிருக்க வேண்டும். பால்வீதி கணக்கில் அது நேற்றைக்கு.

காமா கதிருக்குத் தூசி தடையே இல்லை. மையத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்தும் தாராளமாக வரும். நீ கேட்ட விட்டுப்போகிற பிரச்சினை இதில் இல்லை.

1984-ல் ஹியோ-3 என்ற செயற்கைக்கோளின் தரவில் இந்தக் கோட்டை முதலில் கண்டார்கள். ஆனால் ஒரு கேள்வி பல வருஷம் இழுத்தது: வருகிற கதிர் நிஜமாகவே உட்பகுதியில் இருந்து வருகிறதா, அல்லது அதே திசையில் நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு சின்னக் கூட்டம் நம்மை ஏமாற்றுகிறதா? இன்டெக்ரல் செயற்கைக்கோள் 2002-ல் போனது, அதில் குளிரூட்டிய 19 ஜெர்மானியம் டிடெக்டர்கள், நான் மணலுக்குப் பயன்படுத்துகிற அதே வகைதான். கோட்டின் இடத்தை அது அவ்வளவு நுட்பமாக அளந்தது. மையத்துக்கு ஒரு பக்கம், அதாவது மூலத்தின் பக்கம், கோடு கொஞ்சம் கூடுதல் ஆற்றலுக்கு நகர்ந்திருந்தது. மறுபக்கம், திருவோணம் இருக்கிற பக்கம், குறைந்த ஆற்றலுக்கு நகர்ந்திருந்தது. ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகிப் போகிறது, பால்வீதியின் உட்பகுதி சுழல்கிற முறைக்கு அப்படியே பொருந்துகிறது. பக்கத்துச் சின்னக் கூட்டம் இப்படிச் சுழல முடியாது. 2006-ல் அந்த முடிவு வெளியானது, எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கும்.

இப்போது நீ கேட்ட கணக்கு. ஒரு நோட்டை எடுத்துக்கொள். பால்வீதி முழுவதும் இருக்கிற அலுமினியம்-26-ன் நிறை சூரியனைப் போல சுமார் 2.8 மடங்கு என்று அந்த அளவீட்டில் வந்தது. அரை ஆயுளை 0.693-ஆல் வகுத்தால் சராசரி ஆயுள், கிட்டத்தட்ட 10 லட்சம் வருஷம். வருவதும் போவதும் சமமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் வருஷத்துக்கு 2.8 சூரிய நிறை புதிதாக உற்பத்தியாக வேண்டும். ஒரு பெரிய நட்சத்திரம் தன் வாழ்நாளில் தருவது, மாதிரிக் கணக்குகளின்படி, சராசரியாகச் சூரிய நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். வகுத்துப் பார்: 10 லட்சம் வருஷத்துக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் நட்சத்திரங்கள், அதாவது நூறு வருஷத்துக்கு இரண்டு மூன்று. விரிவாகக் கணக்கிட்டவர்களுக்கு நூறு வருஷத்துக்கு 1.9 வெடித்துச் சாகின்றன என்று வந்தது, கூடவோ குறையவோ 1.1. பிழை பெரிது, மறைக்காமல் எழுது. ஒரு நட்சத்திரம் எவ்வளவு தரும் என்பதிலேயே பாதிச் சந்தேகம் இருக்கிறது.

சாகிற கணக்கு எப்படிப் பிறக்கிற கணக்கு ஆகும் என்று உன் கைடு கேட்பார். சார் மேலே சொன்னதைச் சொல்: இவை பிறந்து ஒரு சில கோடி வருஷத்துக்குள்ளேயே செத்துவிடுவதால் இரண்டு கணக்கும் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கண் மிகவும் மங்கல். கிட்டத்தட்ட மூன்று டிகிரிக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது, முழு நிலா ஆறைப் பக்கம் பக்கமாக வைத்த அகலம். இதில் உட்பகுதி என்று சொல்வது மையத்துக்கு இரண்டு பக்கமும் 30 டிகிரி. கையை நீட்டிச் சாண் விரித்தால் 20 டிகிரி, அப்படி மூன்று சாண். எந்த மேகத்துக்குள் என்று கேட்டால் அலுமினியத்தால் சொல்ல முடியாது, அதற்கு மார்த்தாண்டம் அண்ணனின் மேசர்தான் வேண்டும்.

தக்கலை வாத்தியார்

மணல் தம்பி, இதைப் படித்து எனக்கே ஒரு நல்ல வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நோட்டில் போட்டுப் பார்த்தேன், வருகிறது.

முட்டம் கரை

நானும் போட்டுப் பார்த்தேன் அண்ணா, 2.7 வந்தது. அப்பாவிடம் "நூறு வருஷத்துக்கு ரெண்டு" என்றதும் "அவ்வளவுதானா" என்று கேட்டார். அதனால் ஒன்று கேட்கிறேன். மையத்தைச் சுற்றிக் கோடிக்கணக்கான சூரிய நிறைக்கு வாயு குவிந்து கிடக்கிறது என்று படித்தேன். அவ்வளவு வாயு இருந்தால் அங்கே மழை மாதிரிப் பிறந்து தள்ள வேண்டாமா?

பூனாவில் மார்த்தாண்டம்காரன்

நீ சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய். வாயுவை எடை போட்டு, வெளிவட்டாரத்துக் கணக்கின்படி எத்தனை பிறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், மையத்தில் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். செங்கல் என்று செல்லப்பெயர் வைத்திருக்கிற ஒரு மேகம் இருக்கிறது, அதில் சூரியனைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் வாயு, அவ்வளவும் அடர்த்தி, ஆனால் பிறப்புக்கு அடையாளமே அபூர்வம். அதே வட்டாரத்தில் சஜிட்டேரியஸ் பி2 என்ற மேகம் இருக்கிறது, மையப்பகுதி வாயுவில் பத்தில் ஒரு பங்குதான் அதனிடம், அங்கே பிறக்கிற நட்சத்திரங்களிலோ பாதி அதற்குள். ஒன்று ஏன் தூங்குகிறது, மற்றது ஏன் இப்படிப் பிரசவிக்கிறது என்பது இன்னும் சண்டை நடக்கிற விஷயம். கொந்தளிப்பு, காந்தப்புலம், மையத்தின் ஈர்ப்பு இழுத்துக் கிழிப்பது என்று மூன்றையும் சொல்கிறார்கள். வாயுவின் சூடும் கூடுதல், வெளியே மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் பக்கம் இருப்பது அங்கே மைனஸ் 200 பக்கம். சூடான, கொந்தளிக்கிற வாயு தன் எடையால் சுருங்குவது கஷ்டம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: வாயு இருக்கிறது என்பதால் நட்சத்திரம் பிறந்திருக்கும் என்று எழுதாதே. பிறந்ததற்கு நேரடித் தடயம் எது என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுக்கொண்டே எழுது.

குலசேகரம் பால்வெட்டு

படித்தவர்கள் பேசுகிற இடத்தில் நான் ஒன்று சொல்கிறேன். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு டிஷ்ஷில் ஊற்றி வைத்தால், அசையாமல் இருந்தால்தான் சீராக உறையும். யாராவது ஆட்டிக்கொண்டே இருந்தால் பால் எவ்வளவு இருந்தும் ஷீட் ஒழுங்காக வராது, அங்கங்கே கட்டி கட்டியாகத்தான் நிற்கும். செங்கலும் அந்த இன்னொரு மேகமும் அப்படித்தான் எனக்குப் புரிகிறது, தப்பென்றால் அண்ணன்மார் சொல்லுங்கள்.

அப்புறம், தங்கச்சி வானத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முட்டத்தில் கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கே பேச்சிப்பாறைப் பக்கம் வரலாம். மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நின்றிருக்கும், மற்ற மாதத்தில் தோட்டத்துக்குள் வானமே தெரியாது, இப்போது வெறும் கொம்புகளுக்கு நடுவே அவ்வளவும் தெரியும். சிவராத்திரி கழிந்தால் அமாவாசை, நிலா தொல்லையும் இல்லை. நாலரை மணிக்குத் தெற்கும் தென்கிழக்கும் பார்த்து நின்றால் தேள் கொடுக்கும், அப்பா சொன்ன அந்தக் கறுப்பும் நேர் எதிரே இருக்கும்.

பூனாவில் மார்த்தாண்டம்காரன்

அண்ணே, உறைகிற கணக்கு சரிதான். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

முட்டம் கரை

அண்ணா, சிவாலய ஓட்டம் முடிந்த மறுநாள் வரட்டுமா? அன்றைக்கு அப்பாவையும் கூட்டி வருகிறேன், ஒரு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். மணல் அண்ணா, 1809 கோடு எழுந்து நிற்கிற படம் ஒன்று பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கறுப்புக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு அவருக்குக் காட்ட வேண்டும்.